கழுவுமிடத்துக்கு 316எல் ஸ்டீல் எம்12 கனெக்டர்: விலைக்குத் தகுந்ததா?

பால், மீன், இறைச்சி ஆலைகளில் நிக்கல் பூசிய பித்தளை எம்12 கனெக்டரை (சென்சார் கேபிளை இணைக்கும், 12 மி.மீ. மரையுள்ள வட்ட இணைப்பான்) போட்டு, தினமும் சுத்தம் செய்யக் கார நுரை அடித்தால் பூச்சு உரிந்து பித்தளை அரிக்கும். 316எல் என்ற, அரிப்பைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டுள்ள சுகாதார வகைக்கு விலை கூடுதல்தான். ஆனால் உணவு தெறிக்கும் இடத்தில் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம்.

இதன் உண்மையான பலம் நட்டின் வடிவம். சாதாரண நட்டின் சொரசொரப்பு வரிகளில் கொழுப்பு அப்பிக்கொள்ளும், பிரஷ்கூட எட்டாது. இதில் வழவழப்பான அறுகோண நட்டு. மரை வெளியே தெரியாது, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையம் உலோக விளிம்போடு சமமாக உட்காரும். அந்தச் சீல் நீலமாக இருப்பது நல்லது: துண்டு உடைந்து விழுந்தால் உணவில் பளிச்சென்று தெரியும்.

நீர் புகாது என்று காட்டும் ஐபி69கே தர முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அடித்து, நீர் புகுகிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. இடுக்கில் அழுக்குத் தங்குமா, ரசாயனம் தாங்குமா என்று அது சொல்லாது.

கையால் இறுக்கினால் போதாது, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து திருகும் கருவி) வேண்டும். குறைந்தால் சீல் அமுங்காது. கூடினால் பிதுங்கிக் கிழியும். பிவிசி உறைக் கேபிள் கொழுப்பு பட்டு விறைத்து வெடிக்கும், தவிர்த்துவிடுங்கள். கேபிள் செருகாத காலி போர்ட்டுக்கான ஸ்டீல் மூடியையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்.