கொழுந்துக் கணக்கும் தரவுக் கிடங்கும்: நீண்டநாள் பாவனை அனுபவம்

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றின் கொழுந்துக் கணக்கைக் கணினியில் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்றாடப் பதிவுக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், பழைய கணக்கையெல்லாம் சேர்த்துவைத்து அலசும் தரவுக் கிடங்குக்குக் கிளிக்ஹவுஸ் என்ற மென்பொருள் என்று இரண்டையும் வருடக்கணக்கில் பாவித்துவருகிறேன். தரவுக் கிடங்கு என்றால் கொஞ்சம் பெரிய தரவுத்தளம்தானே என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, வேலையே வேறு.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடையைப் பதிந்தால் உடனே செக்ரோலில் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) ஏற வேண்டும். 18 கிலோவை 81 என்று அடித்துவிட்டால் அங்கேயே திருத்த வேண்டும். இதற்குப் போஸ்ட்கிரெஸ் அருமை.

தோட்டத்தை நடத்தும் துரை கேட்பது வேறு மாதிரி: "கவ்வாத்து வெட்டின மலையெல்லாம் பழைய விளைச்சலுக்கு வர எத்தனை மாசம் பிடிச்சது?" (கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுவது; மலை என்றால் தோட்டத்தில் ஒரு பகுதி நிலம்.) இதற்குப் பல வருடக் கணக்கைக் கூட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ் வரிசை வரிசையாகச் சேமிப்பதால், கிலோவை மட்டும் கூட்டச் சொன்னாலும் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) என்று முழு வரிசையையும் வாசிக்கிறது. கிளிக்ஹவுஸ் ஒவ்வொரு நிரலையும் தனியாக வைத்திருக்கிறது. கேட்ட நிரல்களை மட்டும் எடுக்கும். பதில் சட்டென்று வந்துவிடும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஒரு தொழிலாளி மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்கு மாறினால், அன்றாடத் தரவுத்தளத்தில் டிவிஷனை மாற்றிவிடுவோம், அவ்வளவுதான். அப்புறம் அதிலிருந்து அறிக்கை எடுத்தால், அவர் போன வருடம் மேல் டிவிஷனில் பறித்ததும் கீழ் டிவிஷன் கணக்கில் விழும். கிடங்கில் அவருக்கு இரண்டு வரிசைகள்: எந்தத் திகதியிலிருந்து எதுவரை எங்கே வேலை செய்தார் என்று. மென்பொருள் தானாக இதைச் செய்யாது. அட்டவணையை நாம்தான் அப்படி அமைக்க வேண்டும். தரவுக் கிடங்கு அமைப்பது பற்றிப் புத்தகங்கள் எழுதிய ரால்ஃப் கிம்பால் சொல்லிக்கொடுத்த முறை இது. அந்த மனிதருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறையும் உண்டு. நாங்கள் இரவில்தான் தரவை ஏற்றுகிறோம், அதனால் இன்று காலைக் கொழுந்து கிடங்கில் தெரியாது. ஒற்றை வரிசையைத் திருத்துவது கிளிக்ஹவுஸுக்குப் பாரமான வேலை. ஒரு தோட்டத்தில் "5ஆம் நம்பர் மலை", இன்னொன்றில் வெறும் "5" என்று இருப்பதை ஒரே மாதிரி ஆக்குவதற்குத்தான் அதிக உழைப்புப் போகிறது.

ஒரே ஒரு தோட்டம், இரண்டு மூன்று வருடக் கணக்கு என்றால் கிடங்கு தேவையில்லை. போஸ்ட்கிரெஸின் பிரதி ஒன்றை அறிக்கைக்கென்று தனியாக ஓடவிட்டால் போதும்.