இன்ஸ்டாகிராம் விக்கிரகமானால்: அடியோடு விடுவதா, அளவு வைப்பதா?

எசேக்கியேல் 14:3 விக்கிரகங்களை இருதயத்தில்தான் காட்டுகிறது. கண் விழித்ததும் ஜெபத்துக்கு முன் கை ரீல்ஸைத் தேடினால், அது நமக்கும் பொருந்தும். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வந்தால் பலருக்கும் குழப்பம்: 40 நாள் விரதமா, தினம் 20 நிமிட வரம்பா?

தொடங்க
விரதம்: ஆப்பை நீக்கினால் போதும், கணக்கு இருக்கும். கணக்கையே அழிக்கக் கொடுத்தால் 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும், கவனம்.
வரம்பு: போன் செட்டிங்ஸிலேயே நேர வரம்பு வைக்கலாம். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம்.

ஓட்டை
வரம்பு: நாமே தளர்த்திவிடலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை வாழ்க்கைத்துணை போட்டு வைத்தால் அடைபடும்.
விரதம்: பிரௌசர் வழி திறந்தே கிடக்கும். 40இல் ஞாயிறு சேராது என்று ஞாயிறு திறப்பவர்களுக்குத் திங்களும் ஞாயிறுதான்! பெரிய சிக்கல் மத்தேயு 12:43-45இல் இருக்கிறது: பெருக்கி வெறுமையாய் விட்ட வீட்டுக்கு, வெளியே போன அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. அதுபோல, காலியான நேரத்தில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு சங்கீதம், ஒரு ஜெபக்குறிப்பு என்று முன்பே எழுதி வையுங்கள்.

செலவு
இரண்டுக்கும் இல்லை.

நீடிப்பு
விரதம்: ஈஸ்டர் காலையிலேயே ஆப் திரும்பலாம்.
வரம்பு: மெதுவானது, ஆனால் தங்கும்.

தொழிலுக்கு ஆப் தேவைப்படுவோருக்கு வரம்பு. வாரத்தில் இரண்டு தடவை வரம்பை மீறுபவர் முதலில் விரதம் இருக்கட்டும். ஈஸ்டருக்குப் பிறகு வரம்பு.