நூறு வோல்ட் ஆம்ப்பும் ரங்கூன் கரண்டும்

ரங்கூனில் பழைய ஸ்டீரியோ வாங்கப் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஜப்பான் பழசுதான். சைக்கிள், தையல் மெஷின், பீங்கான் தட்டு எல்லாம் விற்கும் அதே கடையில் ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் அடுக்கியிருப்பார்கள். வெள்ளி நிற முகப்பு, கனமான வால்யூம் குமிழ், துடைத்தால் மின்னும் மரப்பெட்டி. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அப்படி வாங்கிய செட்டைத்தான் நான் வருஷக்கணக்காக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1970களின் கடைசியில் ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்த நடுத்தர இன்டெக்ரேட்டட் ஆம்ப் (எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியது) ஒன்று, யமஹா என்எஸ்-10எம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இத்தனை காலம் வைத்துப் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பட்ஜெட்டில் பாதியை ஆம்ப்புக்கு வையுங்கள், மீதிப் பாதியைக் கரண்டுக்கும் ஈரத்துக்கும் எடுத்து வையுங்கள்.

கடையில் முகப்பைப் பார்க்கும் முன் ஆம்ப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது உள்நாட்டு மாடல். வெளிநாட்டுக்கென்று செய்த பலவற்றில் 110, 220, 240 என்று மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் இருக்கும். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் யோசனை கேட்டபோது, "செலக்டரை 240ல வெச்சுக்க, வேற ஒண்ணும் வேணாம்ணே" என்றான். அவன் வீட்டில் இருப்பது ஏற்றுமதி மாடல், அவனுக்கு அது சரி. நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் செலக்டரே இருக்காது. நேரே 230 வோல்ட்டில் சொருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கருகும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் தனியாகக் கிடைப்பது அரிது.

ஆகவே 230 வோல்ட்டை 100 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். இதில் மலிவாகக் கிடைப்பது ஒரே கம்பிச் சுற்றில் நடுவே இணைப்பு எடுத்த வகை. வேலை செய்யும், ஆனால் அந்தச் சுற்றின் கீழ்ப்பகுதி எங்காவது அறுந்தால் முழு 230 வோல்ட்டும் ஆம்ப்புக்குள் போய்விடும். இரண்டு தனிச் சுற்று உள்ளதை வாங்குங்கள். கடையிலேயே சோதிக்கலாம். எதிலும் சொருகாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையை உள்ளே போகும் பிளக்கிலும் மறுமுனையை வெளியே வரும் சாக்கெட்டிலும் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் ஒரே சுற்று. ஆம்ப்பின் தகட்டில் 150 வாட் என்று போட்டிருந்தால் 500 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) அளவில் எடுங்கள். சின்னதாக எடுத்தால் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) அடிக்கும்போது வோல்டேஜ் சரியும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறி உறுமும்.

அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர். வீட்டில் 190 வோல்ட் வருகிற சாயங்காலம் ஆம்ப்புக்குக் கிடைப்பது 83 வோல்ட்தான். ஆம்ப் அதையும் தாங்கும், பாட்டுதான் சோர்ந்து கேட்கும். பயப்பட வேண்டியது கரண்ட் திரும்பி வரும் நேரத்துக்கு. தெருவே "மீ லாப்யீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று பர்மியத்தில் கத்தும்போது நம் ஆம்ப் ஆன் நிலையில் இருக்கக் கூடாது. கரண்ட் போன உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், வந்து சில நிமிஷம் கழித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக்கூட இது பழகிவிட்டது. பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலை தருவது வேண்டும். மலிவான இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் தேனீக்கூடு மாதிரி இரையும், மெதுவான பாட்டைக் கேட்கவே முடியாது.

சரி, ஆம்ப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாட் அதிகம், மீட்டர் ஊசி ஆடுகிறது என்பதற்காகப் பெரியதை வாங்காதீர்கள். 1978ல் வந்த என்ஏடி 3020 ஆம்ப்புக்கு வெறும் 20 வாட், அதன் ஒலியை இன்றும் பேசுகிறார்கள். நம் வீட்டு ஹாலுக்கு 30, 40 வாட் தாராளம். அவுட்புட்டில் தனித்தனி டிரான்சிஸ்டர் உள்ளதா, மொத்தமாக அடைத்த ஐசி மாட்யூல் உள்ளதா என்று கேளுங்கள். அந்தப் பழைய மாட்யூல் போனால் அசல் கிடைப்பது கஷ்டம், போலிதான் அதிகம் புழங்குகிறது. டிரான்சிஸ்டர் என்றால் பொருத்தமான மாற்று கண்டுபிடிக்கலாம்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு ரிப்பேர் பார்க்கும் பெரியவர் இதை மாட்டாமல் எந்தச் செட்டையும் தொடமாட்டார். "பல்பு ஒரு தடவ பளிச்சுனு எரிஞ்சு மங்கணும் தம்பி. எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னா உள்ள ஷார்ட்டு, கைய எடுத்துருங்க" என்பார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பல்பை மாட்டுவார். அப்புறம் ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி (ஒரே திசையில் நிற்கும் வோல்டேஜ்) அளப்பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் போய்விட்டது என்று அர்த்தம். அதில் ஸ்பீக்கரை மாட்டினால் காயில் கருகும்.

அப்புறம் ஒலிக்கு வருவோம். என்எஸ்-10எம் 1978ல் வீட்டுக்கென்று வந்து, பிறகு உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் இடம் பிடித்த ஸ்பீக்கர். வெள்ளைக் காகிதக் கோன் (ஒலியை எழுப்பும் கூம்பு), மூடிய பெட்டி. பேஸ் குறைவு, உண்மை. எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிட்டாரை வயிற்றில் உணர வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. ஆனால் டி.எம்.எஸ்., சுசீலா குரல்கள் இதில் நடு ஹாலில் வந்து நிற்கும். ஒரு சொல்லின் கடைசி எழுத்துகூடக் கரையாது. உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் கொஞ்சம் கூர்மை, அதனால் ஸ்டுடியோக்காரர்கள் அதன்மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் ஒட்டுவார்கள். நான் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ட்ரெபிளை (உச்ச ஒலியை) சற்றே குறைத்துக்கொள்கிறேன். அதுவே போதும்.

பழைய ஆம்ப்பில் நான் மிகவும் மதிப்பது மோனோ பட்டன், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் பட்டன். அறுபதுகளின் தமிழ் இசைத்தட்டுகள் பெரும்பாலும் மோனோ. அவற்றை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினால் தேய்மானச் சத்தம் இரண்டு பக்கமும் வேறு வேறாக வரும். பட்டனை அழுத்தியதும் அதில் பெரும்பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், குரல் மட்டும் நடுவில் நிற்கும். வாங்கும்போது அந்தப் பட்டன் உள்ள ஆம்ப்பா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது கோன் விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு என்றால் நம் ஈரத்தில் உதிர்ந்தே தீரும், அழுத்தினால் மாவாகக் கையில் ஒட்டும். துணி அல்லது ரப்பர் விளிம்பு நிற்கும். துணி விளிம்பிலும் பழைய பூச்சு இறுகி அட்டை போல ஆகியிருந்தால் பேஸ் வராது. பெட்டியின் அடிப்பாகத்தையும் தடவிப் பாருங்கள். மரத்தூள் பலகை தண்ணீர் பட்டு உப்பியிருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

மே கடைசியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அந்த மாதங்களில் செட்டைத் துணி போட்டு மூடிவைப்பதுதான் பெரிய கெடுதல். கரண்ட் இருக்கும் நாளெல்லாம் ஒரு மணி நேரமாவது பாட்டுப் போடுங்கள், ஆம்ப்பின் சூடே உள்ளேயிருக்கும் ஈரத்தை விரட்டும். ஒரு பக்கம் ஒலி அமுங்கி, வால்யூமைக் கூட்டியதும் பட்டென்று திரும்பி வந்தால், ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் ரிலே சுவிட்சின் முனைகள் கறுத்திருக்கின்றன. கரகரத்தால் வால்யூம் குமிழ். இதற்கென்று உள்ள கான்டாக்ட் கிளீனரை அடித்து, இருபது முப்பது தடவை திருப்புங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெயை அதில் அடிக்காதீர்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்து மூடியைக் கழற்றியபோது, கரண்ட் உள்ளே வரும் இரண்டு முனைக்கும் நடுவே காய்ந்த பல்லி ஒன்று. முன்னங்கால் ஒரு முனையில், வால் இன்னொன்றில், சுற்றியிருந்த போர்டு கறுத்துப் போயிருந்தது. காற்று போகும் துளைகளுக்கு உள்பக்கமாகப் பிளாஸ்டிக் கொசுவலை ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அப்போதே இன்னொன்றும் பார்க்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றில் கெப்பாசிட்டர்களை நிறுத்த மஞ்சள் பசை போட்டிருப்பார்கள். வயதாக ஆக அது பழுப்பாகி, கரண்டைக் கடத்தும், பக்கத்துக் கம்பிக்கால்களையும் அரிக்கும். அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், அதோடு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் 105 டிகிரி சூடு தாங்கும் வகையாக மாற்றிவிட்டால் பல வருஷம் கவலையில்லை.

ரேடியோ டியூனரும் ஆம்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த ரிசீவரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜப்பானின் எஃப்எம் அந்தக் காலத்தில் 76லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை, அதற்கு மேலே உள்ள நம் ஸ்டேஷன் எதுவும் கிடைக்காது. இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் எடுப்பதானால் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும், வேகம் கரண்டின் ஹெர்ட்ஸை நம்பாது) எடுங்கள். பெல்ட் வகை என்றால் மோட்டார் தட்டைப் பாருங்கள். ஒசாகா பக்கத்து 60 ஹெர்ட்ஸுக்கென்று புல்லி (பெல்ட் மாட்டும் சின்னச் சக்கரம்) போட்டது நம் 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 28 சுற்றுகூட வராது, 33 வரவேண்டிய இடத்தில். 50 ஹெர்ட்ஸ் புல்லி கூடவே தந்தால் மட்டும் பேரம் பேசுங்கள்.