ஹையசிந்த் அம்மாளின் சுருதி: ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ முழு டிவிடி தொகுப்பு

‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் ஹையசிந்தாக நடித்த பெட்ரீஷியா ரவுட்லெட்ஜ் 2025 அக்டோபர் 3ஆம் தேதி, 96ஆவது வயதில், இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் காலமானார். அந்த வாரம் என் கைபேசிக்கு வந்த துணுக்கு வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தலையில் தொப்பி, பூப்போட்ட கவுன், தொலைபேசியில் இழுத்து இழுத்துப் பேசும் ஓர் அம்மாள். அரை நிமிடம் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அப்படிப் போக எனக்கு மனம் வரவில்லை. முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இந்தப் பெட்டியைத் தேடி வாங்கினேன்.

பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதியில் கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில் எழுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. எல்லாத் தட்டும் நன்றாக ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஒரு தட்டில் கீறல், நடு அத்தியாயத்தில் படம் உறைந்து நிற்கிறது. பழைய தட்டு வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, இது பிரிட்டனில் வெளியான பதிப்பு, அதாவது மண்டலம் 2. மலேசியாவுக்கு உரியது மண்டலம் 3. எல்லா மண்டலத் தட்டும் படிக்கிற பிளேயர் இருந்தால் கவலை இல்லை; இல்லாவிட்டால் திரையில் ஒரு எச்சரிக்கை வரும், அதோடு சரி. தமிழிலோ மலாயிலோ வசன வரிகள் கிடையாது. படம் பழைய சதுரத் திரைக்கு எடுத்தது, இப்போதைய டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். திரை நிறைய இழுத்தால் ஹையசிந்தின் தொப்பி சட்டி மாதிரி ஆகிவிடும்.

பிபிசியில் 1990 முதல் 1995 வரை ஓடிய தொடர் இது. ஐந்து பருவம், 40 அத்தியாயம், அதோடு 4 கிறிஸ்துமஸ் சிறப்புக் கதைகள். எழுதியவர் ராய் கிளார்க். ஹையசிந்த் பக்கெட் என்ற நடுத்தர வர்க்கத்து அம்மாள், வாளி என்று பொருள்படும் தன் குடும்பப் பெயரை, பூங்கொத்து என்று கேட்கும்படி ‘பூக்கே’ என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று ஊரையே வற்புறுத்துகிறார். கையால் பூ வரைந்த ராயல் டௌல்டன் பீங்கான் கோப்பை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு விருந்து, வாசலில் தபால்காரரையும் பால்காரரையும் நிறுத்தி வைத்து விசாரணை. அவருக்கு மறைக்க ஒரு விஷயம் உண்டு. பிறந்த வீடு ஏழை வீடு. தங்கை டெய்சி, அவள் புருஷன் ஆன்ஸ்லோ, இன்னொரு தங்கை ரோஸ், புத்தி தடுமாறிய அப்பா, எல்லாரும் ஓட்டைக் கார் நிற்கும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். 44 முறையும் ஏறக்குறைய அதுவேதான்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என் காது முதலில் போய் நின்ற இடம் எம்மெட் வரும் காட்சிகள். பக்கத்து வீட்டு எலிசபெத்தின் தம்பி எம்மெட், விவாகரத்துக்குப் பிறகு அக்காவோடு வந்து தங்குகிறார். உள்ளூர் இசை நாடகக் குழுவை நடத்துகிறவர். தன் குரலை அவர் காதில் போட்டுவிட்டால் மேடையில் ஒரு வேஷம் கிடைக்கும் என்று ஹையசிந்துக்கு நம்பிக்கை. ஆகவே அவர் வாசலுக்கு வந்தால் பாட்டு, தோட்டத்துக்கு வந்தால் பாட்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஓசைப்படாமல் காருக்குப் போவார். பாதி வழியில் பிடிபடுவார்.

அந்தப் பாட்டை ஒரு நாள் என் மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டினேன். பதினாறு வயது, நல்ல சாரீரம்.

“டீச்சர், இவங்களுக்குப் பாட வராதா?” என்றாள்.

“நல்லா கேளும்மா. எங்கே தப்புது சொல்லு.”

இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “தப்பவே இல்லையே டீச்சர். சுருதி சரியாத்தான் இருக்கு. ஆனா பயமா இருக்கு.”

பிள்ளை சரியாகப் பிடித்தாள். பாட வராதவர் தப்பும்போது சுருதி எங்கே வேண்டுமானாலும் போகும், ஒரு முறை போன இடத்துக்கு மறுமுறை போகாது. ரவுட்லெட்ஜ் அப்படிச் செய்யவில்லை. எடுக்கும் ஸ்வரம் சுத்தமாக இருக்கிறது. அதன்மேல் தேவைக்கு இரண்டு மடங்கு குரலை ஏற்றுகிறார், குரலின் அசைவை அகலமாக்குகிறார், மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் நெஞ்சை நிமிர்த்தி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மூச்சு வாங்குகிறார். ஒரு பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போக வேண்டிய குரலை ஆறடி தூரத்தில் நிற்கும் மனிதர் முகத்தில் கொண்டுபோய் வைக்கிறார். பாடத் தெரியாத ஒருவரால் இதைச் செய்யவே முடியாது. குரலை எவ்வளவு கெடுக்கலாம், எங்கே நிறுத்தினால் சிரிப்பாக இருக்கும், எங்கே தாண்டினால் வெறும் இரைச்சலாகிவிடும் என்பது பல வருஷம் முறையாகப் பாடியவருக்கே பிடிபடும்.

முறையாகப் பாடியவர்தான் அவர். 1929இல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். அப்பா துணிமணிச் சாமான் கடை வைத்திருந்தவர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு 1952இல் லிவர்பூல் பிளேஹவுஸ் மேடையில் தொழில்முறையாக நடிக்கத் தொடங்கினார். நமக்குத் தெரிந்த ஹையசிந்த் வரும்போது அவருக்கு வயது 61. அதற்கு முந்திய நாற்பது வருஷத்தைப் பற்றி அந்தத் துணுக்கு வீடியோக்களில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. 1968இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘டார்லிங் ஆஃப் தி டே’ என்ற இசை நாடகத்துக்காக, அங்கே மேடைக் கலைஞர்களுக்குத் தரும் டோனி விருது வாங்கியவர் இவர். நாடகம் 31 காட்சியோடு மூடப்பட்டது, விருது மட்டும் நிலைத்தது. அந்த வருஷம் நடிகை லெஸ்லி அகம்ஸோடு அதைப் பகிர்ந்துகொண்டார். 1988இல் ‘கேண்டீட்’ நாடகத்தில் கிழவி வேஷத்துக்கு லண்டனின் ஒலிவியே விருது. ஹையசிந்த் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த 1992 டிசம்பரில் நேஷனல் தியேட்டரில் ‘கேரசல்’ மேடையேறியபோது அதில் நெட்டி வேஷம் போட்டு, ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாடியவரும் இவரே. டிவியில் எம்மெட்டை ஓட ஓட விரட்டிய தொண்டைதான் மேடையில் அந்தப் பாட்டைத் தாங்கியிருக்கிறது.

இவற்றில் நான் மறக்கக் கூடாது என்று நினைப்பது 1976ஆம் வருஷத்து நாடகத்தை. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசை, ஆலன் ஜே லெர்னர் எழுத்து, பெயர் ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’. அதில் வரும் அமெரிக்க அதிபர்களின் மனைவிமார் எல்லாராகவும் ரவுட்லெட்ஜ் ஒருவரே நடித்தார். பிராட்வேயில் ஏழே காட்சி. அதில் ஒரு பாட்டு, பதவி முடிந்து வெளியேறும் அதிபரின் மனைவியும் உள்ளே வரும் அதிபரின் மனைவியும் மாறி மாறிப் பாடுவது. இரண்டு பேரும் அவரே. ஒரு வரி ஒருத்தி, அடுத்த வரி மற்றவள், நடுவில் மூச்சு வாங்கும் இடைவெளி மட்டும்.

இதைத் தெரிந்துகொண்டு தொலைபேசிக் காட்சிகளுக்கு வாருங்கள். மணி அடிக்கும். ஹையசிந்த் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார், யாரும் பார்க்காவிட்டாலும். ரிசீவரை எடுத்ததும் வருவது ஒரு குரல்: உயர்ந்த ஸ்தாயி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே கஞ்சி போட்டு மடித்து வைத்தது போல. எதிர்முனையில் டெய்சி என்று தெரிந்ததும், சொல் முடிவதற்குள்ளேயே, இன்னொரு குரல் இறங்கும். தாழ்ந்தது, அவசரமானது, பிறந்த வீட்டுக் குரல். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே யாராவது நடந்துபோனால் முதல் குரல் திரும்ப ஏறிக்கொள்ளும். சீனச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்து யாரோ ஆர்டர் கொடுக்கும் அழைப்பு வந்தால் மூன்றாவதாக ஒன்று. இதைச் சாதாரண நகைச்சுவை என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே தொண்டையில் இரண்டு பெண்களை மேடையில் நிறுத்தியவர் இவர் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு அழைப்பும் கச்சேரியாகவே கேட்டது. ஸ்தாயி மாறும் இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியவே தெரியாது.

குரல் மாறும் அந்தக் கணத்தில் முகத்தையும் பாருங்கள். ஹையசிந்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் ரவுட்லெட்ஜ் ஒருபோதும் அவளைக் கேலி செய்து நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையான பயம் இருக்கிறது. தன் வேர் தெரிந்துவிடும் என்ற பயம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. எஸ்டேட்டில் வளர்ந்தவர், கல்யாணமாகி நகரத்துக்கு வந்தவர். கூட உட்கார்ந்து பார்த்தவர், டெய்சி வீட்டுக் கார் திடீரென்று தெருவில் வந்து நிற்க ஹையசிந்த் முகம் இருண்டபோது, “பாவம், சொந்தத்த விடவும் முடியல, காட்டவும் முடியல” என்றார். வசனம் புரியாமலே அவருக்கு அது புரிந்தது.

கூட நடித்தவர்களும் மேடைக்காரர்கள்தான். கணவர் ரிச்சர்டாக வரும் கிளைவ் ஸ்விஃப்ட், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஆரம்ப காலத்திலிருந்து நடித்தவர். வசனம் பாதிதான், மீதியைப் பெருமூச்சிலேயே முடித்துவிடுவார். ரோஸ் வேஷத்தை முதல் பருவத்தில் ஷெர்லி ஸ்டெல்ஃபாக்ஸ் செய்தார், இரண்டாவதிலிருந்து மேரி மில்லர். 1986இல் லண்டனில் ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’ முதன்முதலில் மேடையேறியபோது மடாம் ஜிரியாக நின்றவர் இந்த மேரி மில்லர். ஆக, அந்த ஓட்டை வீட்டுக்குள் ஒரு நல்ல பாடகி உட்கார்ந்திருக்கிறார், தொடரோ அவரை ஆண்களுக்காக அழவே வைத்திருக்கிறது. எலிசபெத்தாக வரும் ஜோசஃபின் டியூசனின் கையையும் சொல்ல வேண்டும். ஹையசிந்த் வீட்டுக் கோப்பையை ஏந்தியதும் தட்டில் அது கடகடவென்று தாளம் போட ஆரம்பிக்கும். கொட்டுவதற்கு முன்பே கொட்டப்போகிறது என்று நம் வயிறு பிசையும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே மூச்சில் பார்க்கத் தகுந்த தொகுப்பு அல்ல இது. வேலியைத் தாண்டி ஓடும் தபால்காரர், தப்பி ஓடும் பாதிரியார், தண்ணீரில் விழும் முடிவு, எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். அப்பாவின் போர்க்கால நினைவுத் தடுமாற்றத்தை வைத்துச் செய்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முதுமையில் நினைவு தப்பும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த இடங்கள் கசக்கும். ஐந்தாவது பருவத்தில் எழுத்து களைத்துவிட்டது. நடிப்பு களைக்கவில்லை. இன்னும் ஓட்டியிருக்கலாம் என்ற நிலையில் போதும் என்று முடிவெடுத்தவர் ரவுட்லெட்ஜ் என்பதில் எனக்கு மரியாதை கூடுகிறது. அடுத்து 1996 முதல் 1998 வரை ‘ஹெட்டி வெயின்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்’ தொடரில் துப்பறியும் பெரியம்மாவாக வந்தார். 2017இல் பிரிட்டனின் உயர்ந்த கௌரவமான டேம் பட்டம் கிடைத்தது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எண்பது வெள்ளிக்குள், கீறல் இல்லாத தட்டுகளோடு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். முதல் பருவத்திலிருந்து தொடங்க வேண்டாம். எம்மெட் வந்து சேரும் இரண்டாவது பருவத்தை முதலில் போடுங்கள், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு. பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட உட்கார வையுங்கள், படத்தை மறைத்து ஒரு முறை ஒலியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சிரிப்பு இல்லாத ரவுட்லெட்ஜைப் பார்க்க விரும்பினால் ஆலன் பென்னட் எழுதிய ‘டாக்கிங் ஹெட்ஸ்’ வரிசையில் 1988இல் வந்த ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ இருக்கிறது. எல்லாருக்கும் புகார்க் கடிதம் எழுதும் தனிமைப் பெண், கேமராவுக்கு நேராக அவர் ஒருவர் மட்டும், அரை மணி நேரம். நான் அடுத்துத் தேடிக்கொண்டிருப்பது 1980இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திறந்த மேடையில் நடந்த ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ பதிவு. லிண்டா ரான்ஸ்டட், கெவின் க்ளைன் ஆகியோரோடு ரவுட்லெட்ஜ் ரூத் வேஷத்தில் பாடியது, டிவிடியாகவும் வந்திருக்கிறது. கோலாலம்பூரில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.