ஒரு கிலோ பெட்ரோலும் ஒரு கிலோ பேட்டரியும்

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. மின்காரின் லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பை உறை, குளிரூட்டும் குழாய்கள் எல்லாம் சேர்த்து எடை போட்டால், கிலோவுக்கு 160 வாட் மணி அளவில்தான் தேறும். 75 மடங்கு வித்தியாசம். மின்வாகனத்தை மட்டம்தட்ட விரும்புகிறவர்கள் கணக்கை இங்கேயே மூடிவிடுவார்கள்.

ஆனால் பெட்ரோலுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் மூன்றரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். வண்டி அதைச் சுமப்பதில்லை; போகிற வழியில் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பேட்டரியோ வினைக்கு வேண்டிய எல்லாப் பொருள்களையும், மின்னோட்டத்தைக் கடத்தும் தாமிர, அலுமினியத் தகடுகளையும் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆக்சிஜனின் எடையையும் பெட்ரோலின் தலையில் கட்டினால், அந்த 12,000 சுமார் 2,700 ஆகச் சரிந்துவிடும்.

அடுத்தது விரயம். அன்றாட ஓட்டத்தில் பெட்ரோல் எஞ்சின் எரிப்பதில் கால் பங்குதான் சக்கரத்தை எட்டுகிறது. மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாகத் தொலைகிறது. மின்காரில் 85 சதவீதம் சக்கரத்துக்குப் போகும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பியும் வரும். எந்தப் பெட்ரோல் டாங்கும் மலை இறங்கும்போது நிரம்பியதில்லை!

40 லிட்டர் டாங்கை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலின் எடை 30 கிலோ, ஆற்றல் சுமார் 360 கிலோவாட் மணி, சக்கரத்தை அடைவது 90. அதே 90ஐத் தர சுமார் 105 கிலோவாட் மணி பேட்டரி வேண்டும். எடை 650 கிலோ. 75 மடங்கு இப்போது 22 ஆகிவிட்டது. இதுவும் சின்ன இடைவெளி இல்லை என்பதை மின்வாகன ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் போவதால் மிச்சமாகும் எடை இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். அதனால்தான் பல மின்கார்கள் இதில் பாதிப் பேட்டரியோடும், குறைந்த தூரத்தோடும் திருப்திப்பட்டுக்கொள்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு அது போதும் என்பது என் கணிப்பு.

நெடும்பயணத்தில் எடையைவிட நிரப்பும் வேகம்தான் உறுத்துகிறது. நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றும் பெட்ரோல் குழாய், ஆற்றல் கணக்கில் 19 மெகாவாட் தருகிறது. 150 கிலோவாட் வேகச் சார்ஜர் இதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. எஞ்சினின் விரயத்தைக் கழித்தாலும் பெட்ரோல் முப்பது மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறது. இரவெல்லாம் வீட்டில் சும்மா நிற்கும் வண்டிக்கு மட்டும் இது பொருட்டில்லை.

விமானத்தில் கதையே வேறு. அங்கே ஒவ்வொரு கிலோவையும் வானத்துக்குத் தூக்க வேண்டும். திரவ எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகிறது. பேட்டரி விமானமோ புறப்பட்ட அதே எடையோடுதான் தரையிறங்கும். நெடுந்தொலைவு விமானத்தை இன்றைய பேட்டரியால் பறக்கவைக்க முடியாது.