டிமென்ஷியாவுக்கு மூளை ஸ்கேன்: எது தேறுகிறது, எங்கே சறுக்குகிறது

ஞாபக மறதிக்காக மருத்துவரைப் பார்க்கப் போனவருக்கு ஸ்கேன் எழுதித் தந்ததும், அல்சைமரா இல்லையா என்பது படத்திலேயே தெரிந்துவிடும் என்று வீட்டார் எதிர்பார்க்கிறார்கள். அப்படித் தெரியாது. டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மெல்லக் குறைந்துபோகும் நிலை; அல்சைமர் அதன் காரணங்களில் ஒன்று) இருக்கிறதா என்பதை நினைவுத்திறன் பரிசோதனை, கூட இருப்பவர்கள் சொல்லும் விவரம், தைராய்டு, பி12 போன்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். அது எதனால் வந்தது என்பதில்தான் ஸ்கேன் கைகொடுக்கும்.

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீழே விழுந்தபின் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லத் தேங்கிய ரத்தம், கட்டி, நீர் கோத்து வீங்கிய மூளை அறைகள், பெரிய பக்கவாதத் தழும்பு ஆகியவற்றை நன்றாகவே காட்டும். இவற்றில் சில, சிகிச்சையால் குணமாகக் கூடியவை என்பதால் இதை அலட்சியமாக நினைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.க்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும், அதிக நேரம் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் இதுவே வழி. நுண்ணிய ரத்தக்கசிவு இதில் தெரியாது.

முடிந்தவர்களுக்கு முதல் தேர்வு எம்.ஆர்.ஐ.தான். ஆனால் சீட்டில் ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பாதிப் பயன் போய்விடும். எத்தனை மாதமாகப் பிரச்சினை, முதலில் கெட்டது நினைவா, பேச்சா, நடத்தையா, எந்த நோய் மீது சந்தேகம் என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் பல வகைப் படங்களில், மூளையின் வடிவைக் காட்டும் முப்பரிமாண டி1, ரத்தநாளச் சேதத்தைக் காட்டும் ஃப்ளேர், ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ., திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் ஆகிய நான்கும் அவசியம். வேகமாக முற்றும் டிமென்ஷியாவில், க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற அரிய மூளை நோய்க்கான தடயம் பெரும்பாலும் டிஃப்யூஷனில்தான் முதலில் கிடைக்கும்.

முப்பரிமாண டி1-இலிருந்து, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டிய படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அதன் மேலுள்ள பிளவு அகலும். அடுத்து பக்கத்திலுள்ள நீரறையின் கொம்பு விரியும். பிறகு ஹிப்போகாம்பஸின் உயரமே குறையும். இந்த வரிசைக்குத்தான் ஷெல்டன்ஸ் அளவுகோல் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது. 75 வயதுக்குக் கீழே 2, அதற்கு மேலே 3 வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மூளையின் உள்ளே நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியின் ரத்தநாளச் சேதத்துக்கு ஃபசேகாஸ் அளவு, 0 முதல் 3 வரை. ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று ஒரே வரியில் முடியும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. இந்த மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். 65 வயதுக்குள் அல்சைமர் தொடங்கியவர்களில் ஹிப்போகாம்பஸ் நன்றாகவே இருந்து, மூளையின் பின்மேல் பக்கத்திலுள்ள பரைட்டல் பகுதி மட்டும் சுருங்கியிருக்கலாம். அதைத் தேடிப் பார்க்காத ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று சொல்லிவிடும்.

படம் கெடுவதற்கு முதல் காரணம் அசைவு. அசையக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது அடுத்த சில நிமிடங்களில் அவருக்கு மறந்துவிடுகிறது. காதுக் கருவியைக் கழற்றியிருப்பதால் மைக்கில் சொல்வதும் கேட்பதில்லை. அதனால் முக்கியமான டி1 படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். தலையின் இருபுறமும் பஞ்சு வைத்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் திரும்பச் சொல்ல வேண்டும். உலோகப் பரிசோதனை முடித்த உறவினர் ஒருவர் உள்ளே நின்று காலைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலர் அமைதியாகப் படுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து கடைசி வழி. குழப்பத்தை அது சில நாள் கூட்டிவிடக் கூடும்.

எம்.ஆர்.ஐ. பார்த்தும் சந்தேகம் தீராதபோது எஃப்.டி.ஜி. பெட் (சிறிதளவு கதிரியக்கமுள்ள சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) நல்ல மதிப்பெண் வாங்குகிறது. மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்பதை அது காட்டும். பரைட்டல், டெம்போரல் (காதருகே உள்ள பகுதி), பின் சிங்குலேட் (நடுவே உட்புறமுள்ள பகுதி) ஆகியவை மங்கினால் அல்சைமர் பக்கம் சாயும். முன்மூளை மங்கினால் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. பின்மண்டைப் பகுதி மங்கினால் லூயி பாடி டிமென்ஷியா. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் மருந்தை மூளை சரியாக வாங்காது, படம் மொத்தமாக மங்கிவிடும். ஊசி போட்டபின் மங்கலான, அமைதியான அறையில் இருக்க வேண்டும். அங்கே பேச்சுக் கொடுத்துத் தைரியம் சொல்ல நினைக்கும் உறவினர், அறியாமலே படத்தை மாற்றிவிடுவார்.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் அமிலாய்டு பெட் விஷயத்தில்தான் அதிக எச்சரிக்கை தேவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் இதற்கான ஊசி மருந்து ஃப்ளோர்பெட்டாபிரை அனுமதித்ததிலிருந்து இது மருத்துவத்தில் இருக்கிறது. இதில் ‘நெகட்டிவ்’ என்பது உறுதியான செய்தி: மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘பாசிட்டிவ்’ அவ்வளவு உறுதியல்ல. நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்கள் பலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கிறது. ஆகவே மறதியே இல்லாதவர் ஆர்வத்துக்காக இதை எடுப்பது வீண் மனவேதனை. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் போன்ற மருந்து தொடங்குவதாக இருந்தால் கதை வேறு. அமிலாய்டு இருப்பது முதலில் உறுதியாக வேண்டும் (முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனையிலும் இதை அறியலாம்). மூளை வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று மருந்துக்கு முன்னும், சிகிச்சையின் நடுவில் பலமுறையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

எந்த ஸ்கேனானாலும் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் முழுப் படங்களையும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் வாங்கி வையுங்கள். ஓராண்டு கழித்து மறுபடி எடுக்க நேர்ந்தால், முடிந்தவரை அதே கருவியில் அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். கருவி மாறினால், சுருங்கியது மூளையா, மாறியது படமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.