அரிசாகா ரைபிளுக்கு ரெனைசான்ஸ் வாக்ஸ்: எங்கே பூசலாம், எங்கே கூடாது

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையிலிருந்து அமெரிக்க வீரர்கள் கொண்டுவந்த, ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா ரைபிள்கள் இன்று பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன. பல வருஷம் பரணில் கிடந்ததில் துரு ஏறியிருக்கும், பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்திருக்கும். எதைப் பூசிக் காப்பாற்றலாம் என்று விசாரித்தால் அடிக்கடி காதில் விழும் பெயர் ரெனைசான்ஸ் வாக்ஸ். 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்படிக மெழுகு இது. இரும்புக்குத் தாராளமாக வாங்கலாம். மரக்கட்டைக்குச் சோதித்துப் பார்த்துத்தான் பூச வேண்டும். குழலுக்குள் வேண்டவே வேண்டாம்.

டப்பாவைத் திறக்குமுன் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டை, பின்னால் இழுத்து, குண்டறையும் தோட்டா அடுக்கும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த வேலை கையில் இருப்பது எந்த ரைபிள் என்று கண்டுபிடிப்பது. எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதைப் பொறுத்தது.

போல்ட் ஓடும் இரும்புக் கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். அதன் மேல்புறம் மூன்று எழுத்துகள் மேலிருந்து கீழாக இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பிரித்துவிடலாம். முதல் எழுத்து மூன்று படுக்கைக் கோடுகள், அடுத்தது கூரை போல இரண்டு பக்கமும் சரியும் இரண்டு கோடுகள் என்றால் அது 38ஆம் வகை: 1905இல் ஏற்கப்பட்டது, 6.5 மி.மீ. தோட்டா, நீளம் ஏறத்தாழ 128 செ.மீ. முதல் இரண்டு எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் 99ஆம் வகை: 1939, 7.7 மி.மீ., அதிகம் கிடைக்கும் குட்டை ரகம் ஏறத்தாழ 112 செ.மீ. ரிசீவரின் இடப்பக்கத்தில் வரிசை எண் இருக்கும். அதற்கு முன்னால் சிறு வட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய எழுத்து இருந்தால் அது தொடரைக் குறிக்கிறது. ஒரு தொடர் 99,999இல் முடிந்ததும் அடுத்த எழுத்துக்குப் போனார்கள். எண்ணின் கடைசியில் ஆலை முத்திரை. ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள் என்றால் 99ஆம் வகையில் அது கொக்குரா ஆலை. போல்ட்டிலும் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் இருக்க வேண்டும். பல ரைபிள்களில் இது பொருந்தாது. பொருந்தினால் ஒரு படம் எடுத்து வையுங்கள், விலைமதிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எழுத்துகளுக்கு மேலே பதினாறு இதழ்ச் சாமந்தி, பேரரசரின் சின்னம். 1945 சரணடைவுக்குப் பிறகு ஒப்படைத்த ரைபிள்களில் இதைப் பெரும்பாலும் அரத்தாலோ சாணைக்கல்லாலோ அழித்திருப்பார்கள். போர்க்களத்தில் கைப்பற்றியதில் பொதுவாக முழுசாக இருக்கும். அழிந்த பூவைத் திரும்பச் செதுக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் ரைபிளைக் கொடுக்காதீர்கள். அந்தச் சாணைத் தழும்புதான் ரைபிளின் கதை.

போர் முடியும் தறுவாயில் வந்த 99ஆம் வகைகளில் மடிக்கும் பார்வைக்குறி இல்லை, ரைபிளைத் தரையில் ஊன்றும் கம்பித் தாங்கி இல்லை, போல்ட்டை மூடும் தூசி மூடி இல்லை. கட்டையின் பின்பக்கத் தகடு மரம், ஆணியடித்தது. இரும்பில் வெட்டுக்கருவி ஓடிய வரிகள் அப்படியே தெரியும். அது தேய்மானம் இல்லை, அப்படித்தான் ஆலையை விட்டு வெளியே வந்தது. அந்த வரிகளை மழுங்கத் தேய்ப்பதும், புதிதாகச் செய்த தூசி மூடியை மாட்டுவதும் கெடுப்பதுதான்.

இனி மெழுகு. துருவின் மேல் நேரே பூசினால் துருவையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். முதலில் லேசான எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, வெண்கல நாரால் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். சிவப்புத் துரு எழும்பி வரும், கருநீலப் பூச்சு தங்கும். அமிலம் கலந்த துருநீக்கியும் வினிகரும் துருவோடு அந்தப் பூச்சையும் தின்றுவிடும். பிறகு ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெயின்ட் கரைப்பானில் நனைத்த துணியால் எண்ணெயை முழுக்க எடுத்தாக வேண்டும். மெழுகு ஒட்டவில்லை, திட்டுத் திட்டாக நிற்கிறது என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

நைட்ரைல் கையுறை போட்டு, பஞ்சு நூல் பறக்காத பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலப் பகுதிக்கு மட்டும் மெல்லப் பூசுங்கள். காயவிடாமல் உடனே வேறு துணியால் மெருகேற்றுங்கள். மழைக்காலத்தில் இரும்பை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவு சூடாக்கினால் நன்றாக இறங்கும். ஒரு தடிமன் பூச்சை விட இரண்டு மெல்லிய பூச்சு மேல். ஒரு ரைபிளுக்கு ஒரு தேக்கரண்டி கூடத் தேவைப்படாது, அதனால் விலை கூடுதலானாலும் சின்ன டப்பாவே போதும். கரைப்பான் வாடை உண்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்த மெழுகின் பெரிய குறை பள்ளங்களில் தெரியும். சாமந்தியின் இதழ் இடுக்கிலும் எண்களின் குழியிலும் தங்கிக் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், படத்தில் எழுத்தே தெரியாது. அந்த இடங்களை மெருகேற்றும்போதே மென்மையான தூரிகையால் துலக்கிவிட வேண்டும். அதிகம் பலன் தருவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்: கட்டைக்குள் உட்காரும் குழலின் அடிப்பக்கம். ஈரம் தேங்குவது அங்கேதான்.

கட்டையில் நிதானம் தேவை. ஜப்பானியக் கட்டைகளுக்குப் பூசியது உருஷி என்னும் மரப்பால் அரக்கு. நல்ல நிலையில் அது கரைப்பானைத் தாங்கும். வெயில் பட்டு மங்கிய உருஷி தாங்காது. பின்தகட்டைக் கழற்றி, மறைவான ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள், லேசாக ஈரமான துணியால் அழுக்கெடுத்தாலே போதும். உப்புத்தாள் போடவே கூடாது, முத்திரைகள் போய்விடும். ஆளி எண்ணெய் ஊற்றி ஊறவைப்பதும் வேண்டாம், கருத்துப் பிசுபிசுக்கும். அடிக்கட்டையில் நீளவாக்கில் தெரியும் கோட்டை விரிசல் என்று எண்ணி எபாக்ஸி நிரப்புகிறார்கள். இரண்டு துண்டுகளைக் கோத்துச் செய்த கட்டை அது, கோடு ஆலையிலேயே வந்தது. இணைப்பு ஆடினால் மட்டும் பிறகு கரைத்து எடுக்கக்கூடிய விலங்குப் பசை போடலாம்.

குழலுக்குள் லேசான எண்ணெய் போதும். சுடும் எண்ணம் இருந்தால் ரைபிளை முதலில் ஒரு கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், கொண்டுபோங்கள். பள்ளி மாணவர் பயிற்சிக்கென்று செய்த, உள்ளே வரிப்பள்ளமே இல்லாத ரைபிள்களும் உண்டு. வெற்றுத்தோட்டாவுக்காக வார்த்த இரும்பு அது, உண்மைத் தோட்டாவைத் தாங்காது. போருக்குப் பிறகு வேறு தோட்டாவுக்கு ஏற்பக் குண்டறையை மாற்றியவையும் இருக்கின்றன. குண்டறையை அச்சு வார்த்து அளந்தால்தான் அது தெரியவரும்.